மொட்டைமாடி முதல் மண்பானை வரை: வெப்பக் கணக்குக் கேள்வி பதில்

கோடை இதழுக்காக வெப்பம் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் மாடி அறை 12க்கு 10 அடி. மேலே 5 அங்குலக் கான்கிரீட் மட்டும்தான், தட்டோடு பதிக்கவில்லை. பிற்பகலில் மாடித்தரை 55 டிகிரி, அறைக்குள் 33 டிகிரி. பள்ளிப் புத்தகச் சூத்திரத்தில் போட்டால் 2,900 வாட் சூடு இறங்குவதாக வருகிறது. ஒரு டன் ஏசி முழுக்கக் கூரைக்கே போய்விடுமா?
— வாசகர், மதுரை

பதில்: சூத்திரம் சரி. அதில் நீங்கள் போட்ட வெப்பநிலைதான் பொருந்தவில்லை.

கான்கிரீட்டின் கடத்துதிறன் (சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதன் அளவு) 1.5, பரப்பு 11.15 சதுர மீட்டர், வித்தியாசம் 22 டிகிரி, தடிமன் 0.125 மீட்டர். முதல் மூன்றையும் பெருக்கித் தடிமனால் வகுத்தால் 2,943 வாட். ஆனால் கூரையின் அடிப்பக்கமே 33 டிகிரியில் இருந்தால்தான் இந்த விடை செல்லும். ஸ்டூல் போட்டு ஏறிக் கையை வைத்துப் பாருங்கள், அது அறைக்காற்றைவிட வெகு சூடாக இருக்கும். கான்கிரீட்டைக் கடந்து வந்த வெப்பம், அங்கிருந்து அறைக்குள் இறங்க இன்னொரு தடையையும் தாண்ட வேண்டும். கூரையை ஒட்டிக் கிடக்கும் காற்றுப் படலம்தான் அந்தத் தடை. சூடான காற்று மேலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. அதனால் கூரையிலிருந்து கீழ்நோக்கிச் சலனம், அதாவது காற்றே நகர்ந்து சூட்டைக் கொண்டுபோவது, மிகக் குறைவு. மீதி வேலையைக் கதிர்வீச்சு செய்கிறது.

தடைகளைக் கூட்டுவதுதான் சரியான வழி. ஒரு சதுர மீட்டருக்குக் கான்கிரீட்டின் தடை 0.125 ÷ 1.5 = 0.083. காற்றுப் படலத்தின் தடை, வெப்பம் மேலிருந்து கீழே இறங்கும்போது, சுமார் 0.17. மொத்தம் 0.253. கவனியுங்கள், ஐந்து அங்குலக் கான்கிரீட்டைவிடக் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் படலம் இரண்டு மடங்கு தடுக்கிறது! 22 ÷ 0.253 = 87 வாட், ஒரு சதுர மீட்டருக்கு. முழு அறைக்கு 970 வாட். ஒரு டன் ஏசியின் திறன் 3,517 வாட் என்பதால், கூரை மட்டும் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் எடுத்துக்கொள்கிறது. கூரையின் அடிப்பக்கம் 33 + 87 × 0.17 = 48 டிகிரி. கையில் ஒரு வெப்பநிலைமானி இருந்தால் இதைச் சரிபார்க்கலாம். நிஜத்தில் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கான்கிரீட் சூடேறி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நாம் போட்டதோ எல்லாம் நிலைப்பட்ட பின் உள்ள கணக்கு.

இனி, எதைச் செய்தால் எவ்வளவு குறையும் என்று பார்ப்போம். வெள்ளைக் கூரைப் பூச்சு அடித்து மாடித்தரை 42 டிகிரிக்கு இறங்கினால், 9 ÷ 0.253 × 11.15 = சுமார் 400 வாட். பாதிக்கு மேல் மிச்சம், செலவும் குறைவு. ஆனால் தூசி படிந்து பழுப்பேறினால் பலன் போய்விடும். மழைக்காலம் முடிந்ததும் தேய்த்துக் கழுவி, தேவைப்பட்டால் மறுபடி ஒரு கோட்டிங் அடிக்க வேண்டும். அடுத்த வழி, மேலே 5 செ.மீ. காப்புப் பலகை பரப்பி அதன்மேல் ஓடு பதிப்பது. பலகையின் கடத்துதிறன் 0.035, எனவே தடை 1.43, மொத்தம் 1.68. இங்கே பலர் மறுபடி 55 டிகிரியையே போட்டு 146 வாட் என்கிறார்கள். காப்புக்கு மேலே இருக்கும் ஓட்டின் சூடு கீழே இறங்க வழியில்லாததால் அது இன்னும் கொதிக்கும். 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 212 வாட். அப்படியும் ஐந்தில் ஒரு பங்குதான். நடக்கும் இடம் என்பதால் சாதாரணத் தெர்மாகோல் நசுங்கிவிடும், அடர்த்தியான பலகையாகக் கேட்டு வாங்குங்கள். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தெர்மாகோலைத் திணிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அங்கேதான் ஒயர்கள் ஓடுகின்றன, தெர்மாகோலோ எளிதில் தீப்பிடிக்கும்.

கேள்வி: சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் இரவு புழுக்கம் குறையும் என்கிறார்கள். பத்து வாளி ஊற்றியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.
— வாசகி, விருதுநகர்

பதில்: ஊற்றியதில் எவ்வளவு குழாய் வழியாக இறங்கி ஓடிவிட்டது என்பதுதான் கேள்வி.

முந்தைய கேள்வியில் உள்ள அதே 120 சதுர அடிக் கூரையை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் எடை சுமார் 3,200 கிலோ, தன்வெப்பம் கிலோவுக்கு 0.88 கிலோஜூல். அதை ஒரு டிகிரி குளிர்விக்க 2,800 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். பத்து டிகிரிக்கு 28,000. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். ஆக 12 லிட்டர் போதும், ஒரு வாளிகூட முழுதாக வேண்டாம். ஆனால் அந்த 12 லிட்டரும் அங்கேயே ஆவியாக வேண்டும். அதே 12 லிட்டர் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறிக் குழாயில் ஓடிவிட்டால், எடுத்துப்போவது 753 கிலோஜூல்தான். கூரை கால் டிகிரி இறங்கும், அவ்வளவே.

எனவே வெயில் தாழ்ந்தபின், ஐந்தரை மணி வாக்கில், பூவாளியால் தரை நனையுமளவுக்கு மட்டும் தெளியுங்கள். காய்ந்ததும் மறுபடி தெளியுங்கள். பழைய சணல் சாக்குகளை விரித்து நனைத்தால் வேலை இன்னும் சுலபம். சாக்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஓட விடாது. காற்றிலிருந்தும் கொஞ்சம் சூடு வருவதால் 12க்குப் பதில் 15, 20 லிட்டர் ஆகலாம். உச்சி வெயிலில் ஊற்றுவது வீண், சூரியன் உடனே திரும்ப நிரப்பிவிடுவான்.

கேள்வி: வாளியில் ஹீட்டர் ராடு போட்டால் மேலே கை வைக்க முடியவில்லை, அடியில் பச்சைத்தண்ணீராகவே இருக்கிறது. ராடில் கோளாறா?
— வாசகர், ஏற்காடு

பதில்: ராடில் கோளாறில்லை, அது தொங்கும் உயரத்தில்தான். சூடான தண்ணீர் இலேசானது, மேலே ஏறும். அந்த இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும். இந்தச் சுழற்சிதான் வெப்பச் சலனம். சுருளுக்கு மேலே உள்ள தண்ணீர்தான் இதில் சுழலும். சுருளுக்குக் கீழே கிடப்பது ஏற்கெனவே குளிர்ந்தது, கனமானது. அது மேலே வரக் காரணமே இல்லை.

அப்படியானால் கடத்தல் மூலம் கீழே சூடு இறங்காதா? இறங்கும், ஆனால் பாருங்கள். தண்ணீரின் கடத்துதிறன் 0.6 மட்டுமே. 28 செ.மீ. விட்டமுள்ள வாளியின் பரப்பு 0.0616 சதுர மீட்டர். மேலே 45 டிகிரி, பத்து சென்டிமீட்டர் கீழே 20 டிகிரி என்றால், 0.6 × 0.0616 × 25 ÷ 0.1 = 9 வாட். அடியில் உள்ள 6 லிட்டரை 22 டிகிரி ஏற்ற 552 கிலோஜூல் வேண்டும். இந்த வேகத்தில் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1,500 வாட் ராடு பக்கத்திலேயே இருந்தும் இதுதான் நிலை.

20 லிட்டர் முழுவதையும் 20லிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 20 × 4.186 × 22 = 1,842 கிலோஜூல். 1.5 கிலோவாட்டால் வகுத்தால் 1,228 விநாடி, அதாவது இருபதரை நிமிடம். கலக்காமல் விட்டால் அத்தனை சூடும் மேலே உள்ள 14 லிட்டருக்கே போய் அது 51 டிகிரியைத் தொடும். குழந்தைக்கு அப்படியே மொண்டு ஊற்றினால் தோல் வெந்துவிடும். ராடை வாளியின் அடியை நெருங்கித் தொங்கவிடுங்கள், ஆனால் பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது, ராடில் போட்டிருக்கும் தண்ணீர் மட்டக் குறிக்குக் கீழே நீர் இறங்கவும் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை எடுத்துவிட்டு, அதன்பிறகுதான் சொம்பால் கலக்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரத்தில் பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கிறது. எவர்சில்வர் சூட்டைச் சரியாகக் கடத்தாது என்பதாலா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாதிதான் உண்மை. கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது.

20 செ.மீ. அடி உள்ள பாத்திரத்துக்குள் 1,000 வாட் போகிறது என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 31,800 வாட். எவர்சில்வரின் கடத்துதிறன் 16, தகட்டின் தடிமன் 1 மி.மீ. தகட்டின் கீழ்ப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 31,800 × 0.001 ÷ 16 = 2 டிகிரி. வெறும் இரண்டு! நேராக மேலே போவதற்கு எவர்சில்வர் ஒரு தடையே இல்லை. பக்கவாட்டில் பரவுவதுதான் அதற்கு வராது. பர்னர் தீ வளையமாக எரிகிறது, அந்த வளையத்துக்கு நேர் மேலே உள்ள தகடு மட்டும் கொதிக்கும், நடுவும் ஓரமும் பின்தங்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் 235, சூட்டை உடனே சுற்றிலும் பகிர்ந்துவிடும். அடியில் அலுமினியத்தை வைத்து அழுத்திய கனத்த பாத்திரங்கள் விலை அதிகமானாலும் பாலுக்கும் பாயசத்துக்கும் ஏற்றவை என்பது இதனால்தான்.

உண்மையான குற்றவாளி அடியில் படியும் பால்புரதப் படலம். சூடுபட்டால் புரதம் உறைந்து தகட்டில் ஒட்டும். அதன் கடத்துதிறன் சுமார் 0.5. ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே 31,800 × 0.001 ÷ 0.5 = 64 டிகிரி வித்தியாசம். பால் 90 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதே தகட்டை ஒட்டிய அடுக்கு 150ஐத் தாண்டிவிடும். அதுதான் பழுப்பாகி, கருகி, வாடை அடிக்கிறது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மேலும் மேலும் படியும். தீயைப் பாதியாகக் குறைத்தால் 64 என்பது 32 ஆகும், கருகும் எல்லைக்கு வெளியே நிற்கலாம். கரண்டி வட்டமாகச் சுழன்றால் போதாது, தட்டையான முனையால் அடியைச் சுரண்டிக்கொண்டே துழாவ வேண்டும். அடிப்பிடித்துவிட்டதென்றால் துழாவாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டினால் கருகல் முழுதும் கலந்துவிடும்.

கேள்வி: ஃபிளாஸ்க் சுவரின் வழியாகக் கதிர்வீச்சில் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டேன். வெந்நீர் 90 டிகிரி, வெளியே 30 டிகிரி. சதுர மீட்டருக்கு 3.7 வாட்தான் வந்தது. பிறகு எதற்காக வெள்ளி பூசுகிறார்கள்?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: செல்சியஸை அப்படியே நான்காம் அடுக்குக்கு ஏற்றிவிட்டாய், அம்மா. கடத்தலிலும் சலனத்திலும் வித்தியாசம் மட்டும்தான் வேண்டும், செல்சியஸானாலும் கெல்வினானாலும் ஒன்றுதான். கதிர்வீச்சில் அப்படியில்லை, அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 273ஐக் கூட்டியே ஆக வேண்டும்.

ஒரு சுலப வழி: கெல்வினை 100ஆல் வகுத்து, நான்கு முறை பெருக்கி, 5.67ஆல் பெருக்கு. 363 கெல்வின் 3.63 ஆகும், அதன் நான்காம் அடுக்கு 173.6. 303 கெல்வினுக்கு 84.3. வித்தியாசம் 89.3, அதை 5.67ஆல் பெருக்கினால் 507 வாட். சூத்திரத்தின் மாறிலியில் (5.67 × 10⁻⁸) உள்ள பத்தின் அடுக்குகள் எல்லாம் இந்த 100ஆல் வகுப்பதிலேயே அடங்கிவிடுகின்றன, சுழியம் எண்ணித் தவறவிட வேண்டியதில்லை.

507 என்பது முழுக் கரும்பரப்புக்கு, அதாவது கதிர்வீச்சை முழு அளவில் வெளியிடும் பரப்புக்கு. ஜேம்ஸ் டூவர் 1892இல் வடிவமைத்த வெற்றிடக் குடுவையில், இரு சுவர்களின் எதிரெதிர்ப் பக்கங்களிலும் வெள்ளிப்பூச்சு. வெள்ளியின் வெளியிடு திறன், அதாவது கரும்பரப்பு வெளியிடுவதில் அது வெளியிடும் பங்கு, சுமார் 0.02. எதிரெதிரே இரு பரப்புகள் இருக்கும்போது 1 ÷ (1/0.02 + 1/0.02 − 1) = 0.0101 என்பதுதான் பயன்படும் எண். 507 × 0.0101 = 5 வாட். ஒரு லிட்டர் குடுவையின் பரப்பு 0.058 சதுர மீட்டர் என்பதால் 0.3 வாட். சுவர்களுக்கிடையே காற்றில்லை, சலனமும் கடத்தலும் ஏறக்குறைய இல்லை. அப்படியும் காபி ஆறுகிறதே என்றால், கழுத்தும் மூடியும்தான் காரணம். அதனால்தான் நிரம்ப ஊற்றினால் அதிக நேரம் தாங்கும், பாதி ஊற்றினால் சீக்கிரம் ஆறும். முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு காபி ஊற்றினால், உள்சுவர் குடிக்கும் முதல் சூடு மிச்சம்.

கேள்வி: சப்பாத்தி மடிக்கும் அலுமினியத் தாளில் பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா?
— வாசகர், சேலம்

பதில்: எப்படி மடித்தாலும் ஒன்றுதான். கடைசி உருட்டலில் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்து அழுத்துவதால், ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கலாகிறது. கதிர்வீச்சில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் சப்பாத்திக்குத் தெரியாது. தாள் உணவை ஒட்டியிருந்தால் அது வெறும் கடத்தி. மேலே ஒரு துண்டைச் சுற்றுங்கள், அதிலுள்ள காற்றுதான் சூட்டைக் காக்கும்.

கேள்வி: கோழிப் பண்ணைக்குச் சிமென்ட் ஷீட் கூரை. கீழே பளபளக்கும் அலுமினிய ஷீட் கட்டச் சொல்கிறார்கள். காசுக்குத் தகுமா?
— பண்ணையாளர், நாமக்கல்

பதில்: சரியாகக் கட்டினால் தகும். ஷீட் 65 டிகிரி, தரைமட்டம் 35 டிகிரி என்றால், மேலே மாணவிக்குச் சொன்ன வழியில் 230 வாட். சிமென்ட் ஷீட்டின் வெளியிடு திறன் 0.9 என்பதால் சதுர மீட்டருக்கு 207 வாட் கோழிகளின் முதுகில் விழுகிறது. இடையே சுத்தமான அலுமினியப் பரப்பு, வெளியிடு திறன் 0.05, வந்தால் இது 11 வாட்டுக்கு இறங்கும். மொத்தச் சூடும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று எண்ண வேண்டாம். பக்கவாட்டில் வரும் அனல்காற்றை அலுமினியம் தடுக்காது.

கெடுவது மூன்று காரணங்களால். கூரை ஷீட்டோடு ஒட்டிக் கட்டிவிடுவது முதல் தவறு. தொட்டால் சூடு கடத்தலில் இறங்கிவிடும். குறைந்தது 3 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் ஷீட்டானால் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் ஒரே பருவத்தில் தீவனத் தூசி படிந்து 0.05 என்பது பல மடங்காகிவிடும். மூன்றாவது, மோட்டுப் பகுதியை அடைத்துவிடுவது. இடைவெளியில் சூடாகும் காற்று மோட்டில் வெளியேற வழி வேண்டும். மின்கம்பிகளை ஷீட்டில் உரசவிடாதீர்கள், அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும். கையில் பணம் குறைவென்றால் முதலில் கூரையின் வெளிப்பக்கத்துக்குப் பசை கலந்த சுண்ணாம்பு அடியுங்கள். ஷீட்டையே சூடேறாமல் தடுப்பது எப்போதும் முதல் வேலை.

கேள்வி: பூட்டிய அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிருமா?
— வாசகர், கடலூர்

பதில்: குளிராது, சூடாகும். 75 வாட் ஃபேன் ஒரு மணி நேரத்தில் 270 கிலோஜூலை அறைக்குள் விடுகிறது. 12க்கு 10 அறையின் காற்று முழுவதையும் ஒரு டிகிரி ஏற்ற 39 கிலோஜூல் போதும். சுவர்கள் உறிஞ்சிக்கொள்வதால்தான் ஏழு டிகிரி ஏறாமல் தப்பிக்கிறோம். குளிர்வது நம் தோல்தான், வியர்வை ஆவியாவதால். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாருக்கும் பலனில்லை.

கேள்வி: 25 லிட்டர் கீசரில் மூன்று பேர் அடுத்தடுத்துக் குளிக்க முடியுமா?
— வாசகி, ஓசூர்

பதில்: கீசரில் 60 டிகிரி, குழாய்நீர் 26, குளிக்க 40 வேண்டும் என்போம். வெந்நீர் 20 டிகிரி இறங்க வேண்டும், குழாய்நீர் 14 டிகிரி ஏற வேண்டும். 25 × 20 ÷ 14 = 36 லிட்டர் பச்சைத்தண்ணீர் கலக்கலாம், மொத்தம் 61 லிட்டர், மூன்று வாளி. காகிதத்தில் சரி. நடைமுறையில் வெந்நீர் வெளியேற வெளியேற அடியில் பச்சைத்தண்ணீர் நுழைந்து கலப்பதால், ஐந்தில் நான்கு பங்கைத்தான் நல்ல சூட்டில் எடுக்க முடியும். இரண்டரை வாளி வரும். ஆனால் 2 கிலோவாட் கீசர் பத்து நிமிடத்தில் 1,200 கிலோஜூல் சேர்க்கிறது, அதுவே இன்னொரு வாளிக்குச் சமம். இருவர் குளித்தபின் பத்து நிமிடம் இடைவெளி விட்டால் மூன்றாமவருக்கும் வெந்நீர் உண்டு. ஒரு வாளிக்கு யூனிட்டில் மூன்றிலொரு பங்குதான் செலவு.

கேள்வி: திருச்சியில் இருந்தபோது மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சென்னைக்கு அதே பானையைக் கொண்டுவந்தேன், அவ்வளவாகக் குளிரவில்லை. பானை பழசாகிவிட்டதா?
— வாசகி, சென்னை

பதில்: பானையைவிடக் காற்றின் ஈரம்தான் காரணம். 10 லிட்டரை ஐந்து டிகிரி குளிர்விக்க 209 கிலோஜூல் போக வேண்டும். அதற்கு 86 மில்லி கசிந்து ஆவியானால் போதும். ஆனால் ஆவியாதல் எவ்வளவு தூரம் குளிர்விக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பநிலைமானி காட்டும் அளவுதான் அந்த எல்லை. 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள திருச்சிப் பிற்பகலில் அது 24 டிகிரி. 32 டிகிரியும் 75 சதவீதமும் உள்ள கடலோரச் சென்னையில் 28. பானைநீர் இந்த எல்லைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிடும். சென்னையில் வெளிக்காற்றைவிட ஓரிரு டிகிரிதான் குறையும், நாக்குக்கு அது தெரியாது.

பானையிலும் கொஞ்சம் பார்க்க வேண்டியது உண்டு. உப்புத்தண்ணீர் ஊற்றி வந்திருந்தால் நுண்துளைகள் அடைத்திருக்கும். வெளிப்புறம் கசிவு ஈரமே தெரியவில்லையென்றால் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, ஒருநாள் முழுக்க வெயிலில் காயவைத்துப் பாருங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் தங்கிவிடும். பெயின்ட் அடித்த அலங்காரப் பானை எந்த ஊரிலும் குளிர்விக்காது. ஈரமணல்மேல், ஜன்னல் காற்று படும் நிழலில் வையுங்கள். சமையலறை மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.